வானத்துக்குத் திகதி போட்டவர்கள்
(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவர்களைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி என்று ஏதாவது சொல்வார்கள் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். நாங்கள் இன்று வானத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். இன்னும் சரியாகச் சொன்னால், வானத்தைப் பற்றிய தரவுகளைச் சேர்த்து, அடுக்கி, காத்து, பிறகு அவற்றைப் பொறுமையாக வாசித்த பெண்களைப் பற்றிப் பேசப்போகிறோம்.

இந்தத் தலைப்புக்கும் எங்கள் தொழிலுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நெஞ்சுநோவோடு ஒருவர் வருகிறார். ஈசிஜி எடுக்கிறோம். அதில் ஒரு மாற்றம் தெரிகிறது. அது இன்று காலை வந்த மாற்றமா, ஐந்து வருடமாக இருப்பதா என்பதை அந்தத் தாள் தனியே சொல்லாது. "பழைய ஈசிஜி இருக்கா அம்மா?" என்றுதான் முதலில் கேட்போம். சிலர் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்ததை எடுத்துத் தருவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். சிலரிடம் பழைய தாள் இருக்கும், ஆனால் அதில் திகதி இருக்காது. அப்படித் திகதி போட மறந்தவர்களில் நாங்களும் உண்டு. அந்த நோயாளி மறுபடி வேறொரு மருத்துவர் முன்னால் போய் நிற்கும்போது, எங்கள் மறதியின் விலையை அவர்தான் கொடுக்கிறார்.

வானியலாளர்களுக்கும் இதே சிக்கல்தான். இன்று ஒரு விண்மீன் மங்கலாகத் தெரிகிறது. அது எப்போதும் மங்கலா, இப்போதுதான் மங்கியதா? பழைய படம் இருந்தால்தான் சொல்லலாம். அந்தப் பழைய படங்களைச் சேர்த்து வைத்த இடங்களில் மிகப் பெரியது அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஹாவார்ட் வான்காணகம்.

1880களில் தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அவர்கள் இரவு வானத்தைக் கண்ணாடித் தட்டுகளில் ஒளிப்படமாகப் பிடித்தார்கள். பிலிம் சுருள் பரவலாவதற்கு முந்திய முறை அது. கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஒளி பட்டால் கறுக்கும் மருந்து பூசியிருக்கும். விண்மீன்கள் அதில் கறுப்புப் புள்ளிகளாக விழும். வட வானத்தை மசாசூசெற்ஸில் எடுத்தார்கள். அங்கிருந்து தெரியாத தென் வானத்தை எடுக்கப் பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் ஒரு நிலையம் அமைத்தார்கள். அங்கே எடுத்த தட்டுகள் உடையாமல் கப்பலேறி வடக்கே வந்தன. இப்படிச் சேர்ந்தவை ஐந்து இலட்சத்துக்கும் மேல்.

இதற்கான பணத்திலும் பெண்களின் பங்கு பெரிது. வானியலாளர் ஹென்றி டிரேப்பரின் மனைவி அன்னா, கணவரின் நினைவாக 1886இலிருந்து நிதி கொடுத்தார். கத்தரின் புரூஸ் என்ற இன்னொரு பெண்மணி 1889இல் ஒரு பெரிய தொலைநோக்கிக்காக 50,000 டொலர் கொடுத்தார். எமது சங்கமும் கட்டடத்துக்கும் நூலகத்துக்கும் இப்படித்தான் கை கொடுத்து வந்திருக்கிறது என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

தட்டுகள் குவிந்தன. ஒரே தட்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். அவற்றை யார் வாசிப்பது? அப்போது பணிப்பாளராக இருந்த எட்வேர்ட் பிக்கெரிங் அந்த வேலைக்குப் பெண்களை அமர்த்தினார். கெட்டிக்காரர்கள் என்பது ஒரு காரணம். ஆண்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வந்தார்கள் என்பது மற்றொரு காரணம். மணித்தியாலத்துக்கு 25 அல்லது 30 சதம். அவர்களை 'கொம்பியூட்டர்' என்று அழைத்தார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குக் கணக்குப் பார்ப்பவர் என்றுதான் பொருள். இயந்திரத்துக்கு அந்தப் பெயர் பிறகு போனது.

அவர்களில் மூத்தவர் வில்லியமினா பிளெமிங். ஸ்கொட்லாந்திலிருந்து வந்து, கணவரால் கைவிடப்பட்டு, வயிற்றில் குழந்தையோடு பிக்கெரிங்கின் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். 1881இல் வான்காணகத்தில் நிரந்தரப் பணியில் சேர்ந்தார். 1899இல் ஒளிப்படத் தட்டுகள் அனைத்துக்கும் பொறுப்பான காப்பாளராக நியமிக்கப்பட்டார். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் இலக்கம், ஒரு கடதாசி உறை. எந்தத் தொலைநோக்கி, எந்தத் திகதி, எத்தனை நிமிடம், வானத்தின் எந்தப் பகுதி என்ற விவரங்கள் உறையிலும் பதிவுக் கொப்பியிலும் எழுதப்பட்டன. சலிப்பான வேலை. ஆனால் இந்தக் கதை முழுவதும் அந்த உறைகளின் மேல்தான் நிற்கிறது.

அனி ஜம்ப் கனன் காது கேட்பது மிகக் குறைந்த ஒருவர். விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரித்து எடுத்த படங்களைப் பார்த்து விண்மீன்களை வகைப்படுத்தினார். வாழ்நாளில் அவர் வகைப்படுத்தியவை ஏறக்குறைய 350,000. அவர் ஒழுங்குபடுத்திய ஓ, பி, ஏ, எவ், ஜி, கே, எம் என்ற வரிசையை உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. பிற்பாடு அங்கு வந்த சிசிலியா பெயின் அதே தட்டுகளை வைத்துக்கொண்டு, விண்மீன்கள் பெரும்பாலும் ஐதரசனாலும் ஈலியத்தாலும் ஆனவை என்று 1925இல் தமது ஆய்வேட்டில் காட்டினார். அக்காலத்துப் பெரியவர் ஒருவர் அதை நம்பவில்லை. அவருடைய அழுத்தத்தால், முடிவு ஒருவேளை சரியல்லாமல் இருக்கலாம் என்று பெயின் எழுதவேண்டி வந்தது. சில ஆண்டுகளில் அந்தப் பெரியவரே தம் சொந்த ஆய்விலும் அதே முடிவுக்கு வந்தார்.

ஹென்றியெற்றா லெவிற் செய்த வேலையைக் கேட்டால், பழைய ஈசிஜியை நாங்கள் தேடுவது உங்களுக்கு நினைவு வரும். ஓர் இரவின் படத்தைக் கறுப்பு வெள்ளை மாற்றி இன்னொரு கண்ணாடியில் பதிப்பார்கள். அதன்மேல் வேறோர் இரவின் தட்டை வைத்து ஒளிக்கு எதிரே பிடிப்பார்கள். மாறாத விண்மீன் ஒன்றையொன்று மறைத்துவிடும். ஒளி கூடியோ குறைந்தோ இருந்தால் புள்ளி பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். இப்படிப் பார்த்து மகெலன் முகில்கள் எனப்படும் தென்வான விண்மீன் கூட்டங்களில் மாத்திரம் 1,777 மாறும் விண்மீன்களை அவர் பட்டியலிட்டார். 1908இல் அது வெளியானது.

பிறகு சின்ன மகெலன் முகிலிலிருந்து 25 விண்மீன்களை எடுத்து ஆராய்ந்தார். அவை எல்லாம் ஒரே கூட்டத்தில் இருப்பதால் எம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். ஆகவே அங்கே பிரகாசமாகத் தெரிவது உண்மையிலேயே பிரகாசமானதுதான். அவற்றில் பிரகாசம் கூடியவை மங்கி மீண்டும் ஒளிர அதிக நாள் எடுக்கின்றன என்று லெவிற் கண்டார். இதனால் வந்த பலனைப் பாருங்கள். ஒரு விண்மீன் எத்தனை நாளுக்கு ஒருமுறை மங்குகிறது என்று எண்ணினால் அதன் உண்மையான பிரகாசம் தெரியும். 100 வற் மின்குமிழ் என்று தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லலாம் அல்லவா? அதே கணக்குத்தான். வானத்தை அளக்க ஓர் அளவுகோல் கிடைத்தது. 1923இல் எட்வின் ஹபிள் அந்திரமேதாக் கூட்டத்தில் அத்தகைய ஒரு விண்மீனைக் கண்டு, அது எமது பால்வீதிக்கு வெகு அப்பால் இருக்கும் தனிக் கூட்டம் என்று காட்டியது இந்த அளவுகோலால்தான்.

1912இல் அந்தக் கண்டுபிடிப்பு பிக்கெரிங்கின் கையொப்பத்தோடு வெளியானது. இதைத் தயாரித்தவர் செல்வி லெவிற் என்று முதல் வரியில் எழுதியிருந்தது உண்மை. 1925இல் சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மிற்றாக் லெவ்லர், நோபல் பரிசுக்கு முன்மொழிய விரும்பி லெவிற்றுக்குக் கடிதம் எழுதினார். லெவிற் 1921 டிசம்பரிலேயே புற்றுநோயால் இறந்துபோயிருந்தார். அது அவருக்குத் தெரியவில்லை.

அடுத்து 1967, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். வட அயர்லாந்துப் பெண்ணான ஜொசலின் பெல் அங்கு ஆய்வு மாணவி. அவருடைய பழைய பாடசாலையில் முதல் விஞ்ஞான பாடத்தன்று பையன்களை ஆய்வுகூடத்துக்கும் பெண்பிள்ளைகளை மனைப்பொருளியல் அறைக்கும் அனுப்பினார்களாம். பெற்றோர் போய்ச் சண்டை பிடித்த பிறகுதான் அவருக்கு விஞ்ஞானம் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் அவரும் மற்றவர்களும் வயல்போன்ற வெளியில் கம்பம் நட்டுக் கம்பி கட்டி ஒரு வானொலித் தொலைநோக்கி அமைத்தார்கள். அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 மீற்றர் நீளத் தாளில் கோடு வரைந்து தள்ளியது. எல்லாவற்றையும் பெல் கண்ணாலே வாசித்தார்.

கணினியிடம் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். புதுத் தொலைநோக்கியின் குணம் பழகும்வரை கண்ணால் பார்ப்பதே நல்லது என்று அவர்கள் தீர்மானித்திருந்தார்கள். என்ன தேடுவது என்று முன்கூட்டியே சொன்னால்தான் கணினி தேடும். பெல் கண்டதோ, எவரும் தேடாத ஒன்று. 120 மீற்றர் தாளில் அரை அங்குலத்துக்கும் குறைந்த ஒரு கலங்கல். விண்மீனும் இல்லை, பக்கத்து மோட்டார் வாகனத்தின் இரைச்சலும் இல்லை. இதை முன்பும் ஒருமுறை வானத்தின் இதே பகுதியில் கண்டிருக்கிறேனே என்று அவருக்கு நினைவு வந்தது. பழைய தாள்களைக் கிளறினார். இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தாளை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தபோது 1.33 செக்கனுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு. நாங்கள் நாடி பார்ப்பதுபோல. பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீன்கள் உலகத்துக்குத் தெரியவந்தது அப்படித்தான். 1974இல் அதற்கான நோபல் பரிசை அவருடைய மேற்பார்வையாளர் இன்னொரு பேராசிரியரோடு பகிர்ந்துகொண்டார். 2018இல் பெல்லுக்கு 30 இலட்சம் டொலர் பெறுமதியான வேறொரு பரிசு கிடைத்தபோது, அவர் அது முழுவதையும் ஆய்வுப் படிப்பில் இடம் கிடைப்பது அரிதாக உள்ள மாணவர்களின் புலமைப்பரிசிலுக்குக் கொடுத்துவிட்டார்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். சிலி நாட்டு மலையொன்றில் வேரா ரூபின் என்ற பெண் வானியலாளரின் பெயரால் ஒரு வான்காணகம் கட்டியிருக்கிறார்கள். 2025 யூனில் அதன் முதற் படங்கள் வெளியாயின. அதன் கமரா 3,200 மெகாபிக்சல். ஓர் இரவில் அது சேர்க்கும் தரவு ஏறக்குறைய 20 ரெராபைற். எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் சாதாரண டிவிடிகளில் பதிந்தால் நாலாயிரத்துக்கு மேல் வேண்டும். ஒரே ஓர் இரவுக்கு! பத்து ஆண்டுகளில் தென் வானத்தின் ஒவ்வொரு பகுதியையும் எண்ணூறு தடவை அளவில் படம் பிடிப்பது திட்டம்.

அந்தக் கணினிகள் செய்யும் வேலை என்ன? புதுப் படத்திலிருந்து பழைய படத்தைக் கழிக்கின்றன. எது பொருந்தாமல் நிற்கிறதோ அதை ஒரு நிமிடத்துக்குள் உலகத்துக்கு அறிவிப்பதே இலக்கு. லெவிற் இரண்டு கண்ணாடிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் செய்ததும் இதுதான். இப்படி வரும் அறிவித்தல்கள் இரவொன்றுக்கு ஒரு கோடி வரை போகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எந்த மனிதராலும் அவ்வளவையும் பார்க்க முடியாது. ஆகவே வடிகட்டும் மென்பொருள்கள் தேவை. வடிகட்டி என்றால் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று முன்னரே யாரோ முடிவு செய்கிறார்கள் என்று பொருள். பெல் கண்ட கலங்கல் அந்த வடிகட்டியில் தங்கியிருக்குமா, ஓடிப்போயிருக்குமா? தரவோடு வேலை செய்பவர்கள் இரவில் நித்திரை கொள்ளாமல் யோசிக்கவேண்டிய கேள்வி அது. ஆய்வுகூட அறிக்கையில் இயந்திரம் தடித்த எழுத்தில் காட்டும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கையொப்பம் வைக்கும் எங்களுக்கும் அது பொருந்தும்.

மனிதக் கண்ணை விட்டுவிடக்கூடாது என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று. 2007இல் 'கலக்ஸி சூ' என்ற திட்டத்தில் ஏறக்குறைய பத்து இலட்சம் விண்மீன் கூட்டங்களின் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்து, இது சுருளா, உருண்டையா என்று கேட்டார்கள். ஒரே ஆண்டில் ஒன்றரை இலட்சம் பேர் ஐந்து கோடிக்கு மேற்பட்ட பதில்கள் கொடுத்தார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹனி என்ற பாடசாலை ஆசிரியை கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதோடு நிற்கவில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு நீலப் பூச்சு தெரிகிறதே, அது என்ன என்று திருப்பிக் கேட்டார். அருகிலிருந்த கூட்டத்தின் மையம் முன்னொரு காலத்தில் வீசிய கடும் ஒளியால் ஒளிரும் வாயு முகில் அது. இன்று அது அந்த ஆசிரியையின் பெயரால் வழங்குகிறது.

பழைய தட்டுகளுக்கு என்ன ஆனது? 1963இல் 3சி 273 என்ற குவாசர் மிகத் தொலைவில் இருப்பது தெரியவந்தபோது, அது காலத்தோடு மாறுகிறதா என்ற கேள்வி எழுந்தது. ஹார்லன் சிமித், டொறிற் ஹொவ்லைற் என்ற இருவரும் ஹாவார்ட் தட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். அது என்னவென்றே தெரியாமல் 1880களிலிருந்து பலமுறை படம் எடுக்கப்பட்டிருந்தது. உறையில் திகதி இருந்தது. பதில் கிடைத்தது. குவாசர் என்ற சொல்லே இல்லாத காலத்தில் தட்டை உறையிலிட்டு இலக்கம் எழுதிய பெண், இதற்காகத்தான் எழுதுகிறோம் என்று அறிந்திருக்க முடியாது.

2016 ஜனவரியில் நீர்க்குழாய் வெடித்து 60,000க்கும் மேற்பட்ட தட்டுகள் நனைந்தன. அவற்றைக் காப்பாற்றி, ஒவ்வொன்றாகக் கழுவி, இலத்திரனியல் வடிவத்துக்கு மாற்றும் பணியைத் தொடர்ந்தார்கள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் இப்போது எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கின்றன. கண்ணாடியின்மேல் அந்தப் பெண்கள் மையால் எழுதிய குறிப்புகளைப் படம் பிடித்து வைத்த பிறகே துடைத்தார்கள். வான்காணகத்தின் பழைய கொப்பிகளைத் தொண்டர்கள் வீட்டிலிருந்தே வாசித்துத் தட்டச்சுச் செய்கிறார்கள்.

ஆனால் ஒரு குறை உண்டு. 1950களின் முற்பகுதியில் அப்போதைய பணிப்பாளர் மென்செல், செலவைக் குறைப்பதற்காகத் தட்டு எடுப்பதை நிறுத்தினார். மீண்டும் தொடங்கப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. வானியலாளர்கள் இன்றும் அதை 'மென்செல் இடைவெளி' என்கிறார்கள். அந்த இரவுகளில் வானத்தில் நடந்ததை, இன்று எவ்வளவு பெரிய கணினியை வாங்கினாலும், அந்தத் தொகுப்பிலிருந்து பெற முடியாது.

அன்பானவர்களே, எமக்கும் ஓர் இடைவெளி இருக்கிறது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது, யார் எதைத் தூக்கினோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அரிசி, பாய், பிறப்புச் சான்றிதழ். பாடசாலை அலுவலகத்து அலுமாரியை எவரும் தூக்கவில்லை. திரும்பி வந்தபோது சேர்வுப் பதிவேடுகளில் பல இல்லை. மென்செல் செலவுக்காக நிறுத்தினார். எம்முடையதை எவரும் எம்மிடம் கேட்டு நிறுத்தவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு எமக்குச் சாதகமாக இருக்கிறது. போன இரவின் ஒளி திரும்பாது. எமது இடைவெளியில் இருந்தவர்கள் இன்னும் இருக்கிறோம். ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில், கொழும்பில், இந்த மண்டபத்தில்.

இந்த மலருக்குப் படம் சேர்த்தபோது ஒரு வலைப்பந்தாட்ட அணியின் படம் வந்தது. ஏழு பிள்ளைகள், ஒரு கிண்ணம். பின்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. நான்கு பேரை நாங்களே அடையாளம் கண்டோம். இன்னும் இருவரை ஓய்வுபெற்ற எமது ஆசிரியை, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துச் சொன்னார். இடதுபக்க ஓரத்தில் இரட்டைப் பின்னலோடு நிற்கும் பிள்ளையை எவருக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை எங்கே, இருக்கிறாரா என்பதும் தெரியவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். வீட்டுக்குப் போனதும் பழைய பெட்டியைத் திறவுங்கள். தேர்ச்சி அறிக்கை, பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல், வகுப்புப் படம், ஓட்டோகிராப் கொப்பி, எது இருந்தாலும் எடுங்கள். படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். ஆண்டு, வகுப்பு, இடமிருந்து வலமாகப் பெயர்கள். தெரியாத பெயருக்கு ஓர் இடம் விடுங்கள். பிறகு ஒரு பிரதியை எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். மாணவச் செல்வங்களே, அவற்றை இலக்கமிட்டு அடுக்கும் வேலையை உங்களிடம் ஒப்படைக்க விரும்புகிறோம். அது சலிப்பான வேலை என்று இப்போதே சொல்லிவிடுகிறோம்.

அந்த வலைப்பந்தாட்டப் படத்தை இம்மலரில் சேர்த்திருக்கிறோம். ஏழாவது பெயரின் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.